ஆயில் பம்பை மாற்றுவதா, பழையதையே போடுவதா: கழற்றுவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

இன்ஜின் முழுக்க ஆயிலைத் தள்ளும் ஒரே ஆயில் பம்புக்காக என் பழைய எஸ்டீம் காரின் முன்பக்கத்தை நாலு மாத இடைவெளியில் இரண்டு தடவை பிரிக்க வேண்டியதாயிற்று. முதல் தடவை, "பம்ப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று பட்டறையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். இரண்டாம் தடவை அந்தப் புதுப் பம்பைக் கழற்றிவிட்டு, டிக்கியில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த பழைய பம்பையே திரும்பப் போட்டேன். ஆமாம், பழையதைத்தான். அளந்து பார்த்தபோது புதியதைவிட அது நன்றாக இருந்தது. இந்த நாலு மாதத்தில் போன காசையும் அலைச்சலையும் நீங்களாவது மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் அளவுகள் மாருதியின் ஜி13 இன்ஜினுக்கு, அதாவது எஸ்டீம், ஜிப்ஸி கிங் ஆகியவற்றில் வந்த 1298 சிசி இன்ஜினுக்கு உரியவை. உங்கள் வண்டி வேறு என்றால் பார்க்கும் முறை ஏறக்குறைய இதேதான், ஆனால் எண்களை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள எண்ணை வைத்து டீசல் ஜீப்புக்கோ புல்லட்டுக்கோ முடிவெடுக்க வேண்டாம்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பம்ப் மேல் கடைசியாகச் சந்தேகப்படுங்கள், பிரித்த பிறகு பம்ப் மேல்தான் முதலில் சந்தேகப்படுங்கள். பம்பின் விலை பெரிய விஷயமில்லை, அது இருக்கும் இடம்தான் விஷயம். கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) மூக்கில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கே கூலி பம்பின் விலையைத் தாண்டிவிடும்.

1. லைட் எரிந்தால் இன்ஜினை அணையுங்கள், ஆனால் பம்ப் மேல் பழியைப் போடாதீர்கள்

சூடான இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது, சிக்னலில், ஆயில் லைட் லேசாக மினுக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். எல்லோருக்கும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்த லைட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண ஸ்விட்ச். அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) கீழே போனால் எரியும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அது எரிகிறது என்றால் அழுத்தம் ஏற்கெனவே மோசம். எரியவில்லை என்பதற்காக அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஸ்விட்சே கெட்டுப்போயும் இருக்கலாம். ஒரு புது ஸ்விட்சின் விலையில் பிரச்சினை தீர்ந்தவர்கள் உண்டு.

ஓடும்போதே லைட் நிலையாக எரிந்தால் வீடு வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிட்டு, டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். டோ கூலி அதிகம்தான், கிராங்க் அதைவிட அதிகம்.

2. அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்

நான் முதல் தடவை தவறவிட்டது இதைத்தான். அளக்காமல் யாராவது பம்ப் போய்விட்டது என்று சொன்னால் அது ஊகம்.

வேலை சுலபம். பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்ட வேண்டும். நான் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன், பட்டறையில் இருந்தால் சும்மாவே மாட்டித் தருவார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய இன்ஜின்களில் அந்த ஓட்டை பெரும்பாலும் பிஎஸ்பிடி எனும் பிரிட்டிஷ் அளவு மரை, 1/8 அளவு, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க கேஜ் செட்டில் வரும் என்பிடி மரைக்கு 27. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும், அதற்குப் பிறகு முரண்டு பிடிக்கும்போது ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் போச்சு, அலுமினிய பாகத்தில் மரை போய்விடும். கையால் சுலபமாக ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் ஒரு தடவை, இருபது நிமிடம் ஓட்டி ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறையாவது சுற்றிய பிறகு ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டு முறையும் ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினுக்கு, சூட்டில், 3000-4000 சுற்றில் 3 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கேஜ் பிஎஸ்ஐயில் காட்டினால் 1 கிலோ என்பது ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ.

இனி அந்தத் தாளை எப்படிப் படிப்பது? பம்ப் தள்ளுவது ஆயிலை, அழுத்தத்தை அல்ல. தள்ளிய ஆயில், கிராங்க் சுழலும் பேரிங் இடுக்குகளில் தடைபடுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவது போல. விரலை எடுத்துவிட்டால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே குளிரில் அழுத்தம் நன்றாக இருந்து சூட்டில் சடசடவென்று இறங்கினால் முதலில் பேரிங் தேய்மானத்தை நினையுங்கள். குளிரிலும் சூட்டிலும் இரண்டிலுமே குறைவு என்றால் பம்ப், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடுவது), ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) ஆகிய மூன்றில் ஒன்று. சுற்று ஏற ஏற முள் ஏறி, ஒரு குறைந்த அளவில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். முள் ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கினால் எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது.

என் தாளில் (இரண்டாம் பட்டறையில் எழுதியது) குளிரில் ஐடிலிங் 2.8, சூட்டில் ஐடிலிங் 0.5, சூட்டில் 3000 சுற்றில் 2.1. குளிரில் சுமார், சூட்டில் படுமோசம். பேரிங் மேல்தான் முதல் சந்தேகம், கூடவே பம்ப் மேலும் கொஞ்சம். இதை நாலு மாதம் முன்னாலேயே அளந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

3. பிரிக்காமலே பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்து முடியுங்கள்

டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. கார்ப்புரேட்டர் வண்டிகளில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலோடு கலக்கும், இது நம் ஊர் பழைய வண்டிகளில் அபூர்வமே இல்லை. பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது தனிக் கதை, ஆனால் அதற்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது ஆயில் சேம்பர், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வேகத்தடையில் அடி வாங்கிச் சேம்பர் உள்ளே நசுங்கியிருந்தால், உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னரின் வாய்க்கும் சேம்பர் அடிக்கும் நடுவே இடமே இல்லாமல் போய்விடும், பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உறிஞ்ச ஆயில் கிடைக்காது. நம் தெருக்களில் இருக்கும் வேகத்தடைகளின் லட்சணத்தில் இதை நான் இரண்டாவது இடத்தில் வைப்பேன்.

பிறகு சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு மறுபடி அளக்கலாம். இந்த இடத்தில் பட்டறையில் ஒரு யோசனை வரும்: "கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திட்டா லைட் எரியாது." உண்மைதான், எரியாது. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைத்த மாதிரி. விற்கப் போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. நீங்களே பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆயில் சந்தேகப்படும்படி கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பிரிக்க முடிவு செய்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காகிதங்கள்

ஆர்சி புத்தகத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ப்புரேட்டர் எஸ்டீம், எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும்) எஸ்டீம் என்று வித்தியாசங்கள் இருப்பதால் சேசிஸ் நம்பரும் தயாரித்த மாதமும் இருந்தால்தான் கடையில் சரியான பார்ட் நம்பரை எடுக்க முடியும். "எஸ்டீம் ஆயில் பம்ப் கொடுங்க" என்று கேட்டால் எதையாவது கொடுப்பார்கள்.

சர்வீஸ் மேனுவலில் ஆயில் பம்ப் வரும் நாலைந்து பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பட்டறையில் கொடுங்கள். நான் கொடுத்தபோது முதலில் சிரித்தார்கள், பிறகு போல்ட் நீளம் குழம்பியபோது அவர்களே கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். அதில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும். பம்பை நான் பார்த்த பிறகுதான் புதுசு வாங்க வேண்டும். கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கைத் திறந்து காட்ட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது.

இன்னொன்று. "இவ்வளவு செலவு பண்றதுக்கு புதுப்பேட்டையில் ஒரு இன்ஜினையே தூக்கிட்டு வந்துடலாம் சார்" என்றும் யாராவது சொல்வார்கள் (புதுப்பேட்டை, சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தை). இன்ஜினை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்டிஓவில் போய் ஆர்சியில் பதிய வேண்டும், வந்த இன்ஜினுக்கான பில் வேண்டும். பதியாமல் விட்டால் எஃப்சி எடுக்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டுவீர்கள். பம்ப், பேரிங் மாற்றுவதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

5. பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முடிந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். டிரைவர் பக்க முன்சக்கரம், பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், அப்புறம் ஆயிலை வடித்துச் சேம்பர், ஸ்ட்ரெய்னர், கடைசியில் பம்ப் என்று வரிசையாகப் போகும். டைமிங் குறிகளை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் கேஸின் போல்ட்டுகளில் இரண்டு நீளம் உண்டு, எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து குத்தி வைக்கச் சொல்லுங்கள்.

சேம்பர் இறங்கியவுடன் மூன்று இடத்தைப் பாருங்கள். சேம்பரின் அடியில் என்ன கிடக்கிறது? கருப்புச் சேறா, சிலிக்கான் பேஸ்ட் துணுக்கா, மினுமினுக்கும் உலோகத் தூளா? ஸ்ட்ரெய்னர் வலை எவ்வளவு அடைத்திருக்கிறது? ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் கல் மாதிரி இறுகிப் போயிருக்கிறதா? அந்த ஓ-ரிங் இறுகிச் சுருங்கினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் குடிக்கும். சில ரூபாய் பொருள், கேஜ் முள் நடுங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது அந்த மூன்றாவது வரி. சேம்பர் இறங்கியிருக்கும்போது ஒரு கான்ராட் கேப்பைத் திறக்க இரண்டு நட்டு கழற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. என் வண்டியை முதல் தடவை பிரித்தவர்கள் அதைச் செய்யவில்லை, செய்யச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. கேப்பைத் திறந்து பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூலை வைத்து, சரியான டார்க்கில் முறுக்கி, மறுபடி திறந்து நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். இந்த இன்ஜினில் கான்ராட் பேரிங்குக்குக் கடைசி எல்லை 0.08 மி.மீ., மெயின் பேரிங்குக்கு 0.06. எனக்கு இரண்டு கான்ராடுகளில் 0.10 வந்தது. அங்கேதான் அழுத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அது அப்படியே இருக்க, நான் முன்னால் ஒரு புதுப் பம்பை மாட்டிக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

6. பம்பை அளப்பது

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை, ஆனால் ஒருவரும் செய்வதில்லை. பெரும்பாலும் பம்பைக் கையில் எடுத்து, உள்ளே சுற்றும் ரோட்டரை விரலால் ஆட்டிப் பார்த்து, "ஆடுது பாருங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நல்ல பம்பிலும் ரோட்டர் ஆடும், ஆயில் போக இடம் வேண்டுமே.

பின்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுவதற்கு முன், கைவசம் ஒரு நல்ல இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இறுகிய ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிட்டு, பிறகு உளியால் தட்டிக் கழற்றுவார்கள், அந்த உலோகத் துணுக்கு பம்புக்குள்ளேதான் விழும். தகடு வந்ததும் வெளி ரோட்டர், உள் ரோட்டர் இரண்டும் எந்த முகம் மேலே இருந்தது என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பன்ச் வைத்துக் குத்தக் கூடாது. இத்தனை வருஷம் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை, திருப்பிப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தேயும். எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஆயில் படலம் இருந்தால் அளவு பொய் சொல்லும்.

ஃபீலர் கேஜ் ஒரு செட் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பட்டறை மேசை டிராயரில் கிடக்கும் துருப்பிடித்த, வளைந்த செட் வேண்டாம்.

முதல் அளவு: வெளி ரோட்டருக்கும் கேஸ் சுவருக்கும் நடுவே. ரோட்டரை எதிர்ப்பக்கம் ஒதுக்கிவிட்டு, இழுத்தால் லேசாகப் பிடிக்கும் தகடு எது என்று பாருங்கள். நாலு இடத்தில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை 0.31 மி.மீ.

இரண்டாவது அளவுதான் முடிவைச் சொல்லும். கேஸ் முகத்தின் மேல் ஒரு நேர்விளிம்பை வைத்து, அதற்கும் ரோட்டர் முகத்துக்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடைவெளியைப் பாருங்கள். எல்லை 0.15 மி.மீ. பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேலை வைத்து இதை அளக்காதீர்கள், அதன் விளிம்பு நேரே இல்லை. எந்த லேத் பட்டறையிலும் நல்ல நேர்விளிம்பு இருக்கும், டீ வாங்கிக் கொடுத்தால் அவர்களே அளந்தும் தருவார்கள்.

இந்தப் பக்கவாட்டு இடைவெளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம் என்றால், குறுகிய இடுக்கு வழியாக ஒழுகும் ஆயில் அந்த இடுக்கின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். இடைவெளி 0.05லிருந்து 0.10 ஆனால் ஒழுகல் இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. 0.15 ஆனால் இருபத்தேழு மடங்கு. சூட்டில் ஆயில் நீர்த்திருக்க, ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்ற, தள்ளுவதில் பாதி உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது லைட் மினுக்குகிறது.

என் பழைய பம்பில் முதல் அளவு 0.19, இரண்டாவது 0.09. புதுப் பம்பில் முதல் அளவு 0.16, நன்றாகவே இருந்தது. இரண்டாவது? 0.17. பெட்டியிலிருந்து வந்து நாலே மாதம் ஓடிய பொருள் எல்லையைத் தாண்டியிருந்தது. நானும் மெக்கானிக்கும் நேர்விளிம்பை மாற்றி மாற்றி மூன்று தடவை அளந்தோம். அதே எண்தான். அந்த நிமிடம் போய் டிக்கியைத் திறந்தேன்.

அடுத்து நகத்தால் பாருங்கள். கேஸ் உள்முகத்திலும் தகட்டிலும் கோடுகள் இருக்கும், இருக்கத்தான் செய்யும். ஏனென்றால் இன்ஜினில் வடிகட்டாத ஆயிலைக் குடிப்பது பம்ப்தான். ஸ்ட்ரெய்னர் வலை பெரிய துணுக்கை மட்டும் நிறுத்தும், மற்றதெல்லாம் பம்பைக் கடந்துதான் ஃபில்டருக்குப் போகும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை. நகம் சிக்கினால், அதுவும் உறிஞ்சும் பக்கத்தையும் தள்ளும் பக்கத்தையும் இணைக்கிற மாதிரி கோடு ஓடினால், எண்கள் எல்லைக்குள் இருந்தாலும் அந்தப் பம்ப் வேண்டாம். தகட்டில் மட்டும் லேசான கோடு என்றால், கண்ணாடித் துண்டின் மேல் 600 எண் எமரி ஷீட்டை வைத்து, ஆயில் விட்டு, எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்யலாம். கேஸை இப்படித் தேய்க்க வேண்டாம். சிலர் லேத்தில் கொடுத்துக் கேஸ் முகத்தைச் சீவி இடைவெளியைக் குறைப்பார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை நம்பிக் கொடுக்கும் வேலை, புதுப் பம்ப் கிடைக்கும் வண்டிக்கு அது தேவையில்லாத சூதாட்டம்.

கடைசியாக ரிலீஃப் வால்வு. உருளையில் ஒரு சொட்டு ஆயில் விட்டு ஓட்டைக்குள் விட்டால் தன் எடையில் தானாக இறங்க வேண்டும். தடுக்கினால் எங்கே கீறல் என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் போட்டு "பிரஷர் ஏத்தி விடுறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது உச்ச அழுத்தத்தை மட்டும்தான் கூட்டும். சூட்டில் ஐடிலிங்கில் அந்த வால்வு மூடித்தான் இருக்கிறது, வாஷர் போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. குளிர் ஸ்டார்ட்டில் ஃபில்டர் கேஸ்கெட் பிதுங்கினால்தான் அது வேலை செய்தது தெரியும்.

7. அளவு சரியாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியவை

இன்ஜின் சீஸ் ஆகியிருந்தால், பேரிங் தன் இடத்தில் நிற்காமல் சுற்றியிருந்தால், சேம்பரில் உலோகத் துணுக்கு கிடந்தால் அளந்துகொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், புதுப் பம்ப் போடுங்கள். அந்தத் துணுக்கு எல்லாம் பம்ப் வழியாகத்தான் போயிருக்கிறது. கேஸில் விரிசல், ரோட்டர் பல்லில் உடைசல், உள் ரோட்டர் கிராங்கில் உட்காரும் தட்டை முகம் தேய்ந்து தளர்ந்து ஆடுவது, கிராங்க் ஆயில் சீல் உட்காரும் வட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் கெல்லிய தழும்பு, இவற்றுக்கும் அதே தீர்ப்புதான்.

இன்ஜினை முழுசாக இறக்கி, சிலிண்டருக்குப் போர் போட்டு, கிராங்க் கிரைண்ட் செய்து எல்லாவற்றையும் புதுப்பிக்கிறீர்கள் என்றால், அளவு எல்லைக்கு ரொம்பக் கீழே இருந்தாலொழிய நான் புதுசையே போடுவேன். அவ்வளவு செலவில் பம்ப் ஒரு ஓரம். எல்லைக்கு உள்ளே, ஆனால் அதை ஒட்டி, அதாவது பக்கவாட்டில் 0.12, 0.13 என்று வந்தாலும் அப்படியே. எல்லை என்பது தூக்கிப் போட வேண்டிய இடம். இன்னும் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்கிற வாக்குறுதி அதில் இல்லை.

8. புதுசு வாங்கும்போது

சென்னையில் என்றால் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு. கம்பெனி டீலரிடம் பார்ட் நம்பர் கொடுத்து ஆர்டர் போடுவது ஒரு வழி, பழைய மாடல் என்பதால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம், இல்லை என்றும் சொல்லலாம். கடையில் உடனே கிடைப்பது பெரும்பாலும் வேறு தயாரிப்பாக இருக்கும். வேறு தயாரிப்பு என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கம்பெனி அட்டைப்பெட்டி மாதிரியே அச்சடித்த போலியும் அதே அலமாரியில் இருக்கும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் கடையிலிருந்து இறங்கிவிடுங்கள். பில் இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பழைய 28 கணக்கில் போடுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: "தகட்டைக் கழற்றி அளந்து பார்ப்பேன், அளவு வரலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?" பூட்டிய பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள். என் புதுப் பம்பின் 2,600 ரூபாய் அப்படித்தான் போனது. புதுசானாலும் பூட்டுவதற்கு முன் மேலே சொன்ன இரண்டு அளவையும் எடுத்தே ஆக வேண்டும், பாதுகாப்பு மெழுகைக் கழுவிவிட்டு.

புதுப்பேட்டையில் பழைய பம்ப் 500, 600க்குக் கிடைக்கும். அதையும் ஒதுக்க வேண்டாம் என்பேன், ஆனால் ஃபீலர் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு போனால் மட்டும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

9. திரும்பப் பூட்டும்போது

பம்ப் கேஸில் இருக்கும் கிராங்க் ஆயில் சீலைப் பழைய பம்பானாலும் புதிதாக மாற்றுங்கள். கிராங்க் மூக்கில் சீல் ஏறும்போது அதன் உதடு மடிந்துவிடாமல் இருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கிராங்கில் சுற்றி, ஆயில் தடவி, மெதுவாகத் தள்ள வேண்டும். ரோட்டர்களுக்கு நடுவே ஆயில் விட்டு நிரப்புங்கள். சிலர் கிரீஸை அப்புவார்கள், அது கரையாமல் போய் அடைக்கும், வேண்டாம். போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்தில் உட்காருபவை, 9 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் "கை சொல்லும் சார்" என்பார்கள். கை சொன்னதைக் கேட்டுப் போன மரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பம்ப் கேஸ்கெட் சேம்பர் பக்கம் கொஞ்சம் பிதுங்கி நிற்கும், அதைக் கூரான பிளேடால் சமமாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் சேம்பர் மூலையில் ஆயில் கசியும். சேம்பருக்குச் சிலிக்கான் பேஸ்ட் மெல்லிய கோடாக இருக்கட்டும். தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கம் பிதுங்கிய புழு ஒரு நாள் அறுந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகும். என் சேம்பரில் முதல் தடவை போட்ட பேஸ்ட் துணுக்குகள் ஏழெட்டு கிடந்தன.

ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டி, நாலு பிளக்கையும் கழற்றி, எம்பிஎஃப்ஐ என்றால் ஃபியூஸ் எடுத்து பெட்ரோலையும் நிறுத்தி, லைட் அணையும் வரை அல்லது கேஜ் முள் அசையும் வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். அதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கேஜை அன்றே கழற்றிவிடாமல் சூட்டில் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் அதே தாளில் எழுதுங்கள்.

10. எனக்கு ஆன செலவும் நாளும்

முதல் தடவை: பம்ப் 2,600, கூலி 4,500, ஆயிலும் ஃபில்டரும் 1,600, கேஸ்கெட் சீல் 700. மொத்தம் 9,400 ரூபாய், இரண்டு நாள். தீராத பிரச்சினைக்கு.

இரண்டாம் தடவை: கூலி 6,500, கான்ராட் பேரிங் செட் 1,900, கேஸ்கெட் சீல் 700, டைமிங் பெல்ட் 900 (எப்படியும் கழற்றுகிறோம், பழையதைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம்), 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றியதையும் சேர்த்து ஆயிலும் ஃபில்டரும் 3,200. ஆக 13,200. கேஜ், ஃபீலர், பிளாஸ்டிகேஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,000 பக்கம். பம்புக்குப் பூஜ்யம். வேலை மூன்று நாள்தான், ஆனால் பேரிங் வர ஐந்து நாள் ஆனதால் வண்டி எட்டு நாள் பட்டறையில் நின்றது. பாகம் எல்லாம் கைக்கு வந்த பிறகு பிரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் கிராங்க் ஸ்டாண்டர்டா, ஏற்கெனவே கிரைண்ட் செய்ததா என்பது திறந்த பிறகுதான் தெரியும், அதற்கேற்ற பேரிங்கைத்தான் வாங்க முடியும். ஆகவே பட்டறையில் ஒரு வாரம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை பிரிக்க ஆரம்பியுங்கள். சனிக்கிழமை பிரித்தால் ஞாயிறு கடை இல்லாமல் ஒரு நாள் சும்மா போகும்.

பூட்டிய அன்று, சூட்டில், ஐடிலிங்கில் 1.5, 3000 சுற்றில் 3.6. ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்துப் போன மாதம் மறுபடி கேஜ் மாட்டிப் பார்த்தேன். 1.4, 3.6.